டுப்பு என்ற ஓசை, மூடாத சறுக்கி, உள்ளிறங்கும் குண்டு: ரீலோடிங்கில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுதல்

ஒரு முறை சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமரும் பவுடரும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலையை அமெரிக்காவில் ரீலோடிங் என்கிறார்கள். தனது சொந்தச் சுடுபயிற்சிக்காக இதைச் செய்பவருக்கு அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; செய்ததை விற்கத் தொடங்கினால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்தக் குறிப்பு, சட்டம் இடம்கொடுக்கும் ஊரில் இருந்துகொண்டு, ஒற்றை நிலைப் பிரஸ் (ஒரு இழுப்புக்கு ஒரு வேலையை மட்டும் செய்யும் நெம்புகோல் கருவி) ஒன்றை வாங்கி, முதல் நூறு இருநூறு தோட்டாக்களைச் செய்து முடித்து, அவற்றில் சில சரியாக நடந்துகொள்ளாததைக் கண்டு குழம்பி நிற்பவருக்காக எழுதப்படுகிறது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். முழுப் பொருள் தோட்டா. பறந்து செல்வது குண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளை கூடு. கூட்டின் அடியில் பொட்டுப்போல் பதிந்து, சுத்தி அடித்ததும் வெடித்துப் பவுடரைப் பற்றவைப்பது ப்ரைமர். பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னே போய் முன்னே வந்து மூடும் மேற்பகுதி சறுக்கி. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டலையும் .38 ஸ்பெஷல் ரிவால்வரையும் பற்றியவை. எத்தனை கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் எடையளவு) பவுடர் என்ற எண் இங்கே ஓரிடத்திலும் வராது. அதைப் பவுடர் நிறுவனம் வெளியிடும் நடப்புக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

குறை தெரிவது துப்பாக்கியில். அது பிறந்த இடமோ மேசையில், பெரும்பாலும் இரண்டு மூன்று படிகளுக்கு முன்னால். எனவே அறிகுறியைப் பார்த்ததும் டையை (பிரஸ்ஸில் திருகிப் பொருத்தும், கூட்டை வடிவாக்கும் அச்சை) திருகாமல், அந்த அறிகுறிக்குக் காரணமாகக்கூடிய படி எது என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

வெடிச்சத்தத்திற்குப் பதில் ‘டுப்பு’ என்ற மங்கலான ஓசை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எல்லாக் குறைகளும் நேரத்தையும் பணத்தையும் விரயமாக்குபவை, இது விரலையும் கண்ணையும் கேட்பது. கூட்டுக்குள் பவுடர் விழாமலே குண்டு வைக்கப்பட்டிருந்தால், ப்ரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் அடைபட்ட குழலில் அழுத்தம் ஏறி, குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். குண்டு வாசலிலேயே நின்றுவிட்டால் அடுத்த தோட்டா உள்ளே போகாது, அது உங்கள் நல்ல காலம். ஒரு அங்குலம் உள்ளே போய் நின்றால் அடுத்தது தாராளமாக உள்ளே போகும், அங்கேதான் ஆபத்து.

உடனே செய்ய வேண்டியது சுடுவதை நிறுத்துவது. குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்து, மேகசினை எடுத்து, அறையை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தை) காலிசெய்து, துப்பாக்கி காலி என்பதை இருமுறை உறுதிசெய்தபின் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி தெரியாவிட்டால் உள்ளே குண்டு இருக்கிறது. பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி எடுக்கலாம். பழக்கமில்லாதவர் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே நல்லது. இன்னொரு தோட்டாவைச் சுட்டு அதை வெளியேற்றலாம் என்ற எண்ணம் எந்த நிலையிலும் கூடாது.

எனக்கு இது ஒருமுறை நடந்தது. நான்காவது தோட்டா டுப்பென்றது. வேகமாகச் சுடும் பயிற்சி என்பதால் விரல் அடுத்த அழுத்தத்துக்குத் தயாராகிவிட்டிருந்தது. பக்கத்துத் தடத்தில் நின்றவர் உரக்கக் குரல்கொடுத்ததால்தான் நின்றேன். குண்டு, அறையைத் தாண்டி இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது விஷயம் விளங்கியது: ஐம்பது குழிகள் உள்ள பலகையில் கூடுகளை நிறுத்திப் பவுடர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசல்மணி அடித்தது, திரும்பி வந்தவன் நிறுத்திய கூட்டில் தொடங்காமல் அதற்கு அடுத்ததில் தொடங்கியிருக்கிறேன். அன்றுமுதல் இடையில் எழுந்தால் அந்தப் பலகையிலுள்ள எல்லாக் கூடுகளையும் குப்பிக்குள் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

மேசையில் இதற்கான தடுப்பு எளியது. ஐம்பது கூடுகளிலும் பவுடர் விழுந்தபின், ஒரு குண்டுகூட வைக்காமல், டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்க வேண்டும். பவுடரின் மட்டம் ஒன்றில் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். உயர்ந்திருப்பது தாழ்ந்திருப்பதைவிடக் கொடியது, ஏனென்றால் அது இரட்டை அளவு. .38 ஸ்பெஷலின் கூடு கரும்பவுடர் காலத்தில் பிறந்தது, உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையில்லாப் பவுடரின் சில வகைகள் அதில் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது. ஆகவே புதியவர் பவுடர் வாங்கும்போது, கையேட்டில் அவருடைய குண்டுக்குச் சொல்லப்பட்டவற்றுள் பருமன் மிகுந்த வகையை, அதாவது இரண்டு முறை ஊற்றினால் கூட்டின் வாயைத் தாண்டி மேசையில் கொட்டிவிடும் வகையைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. ஒரு பவுண்டு குப்பியில் சில தோட்டாக்கள் குறைவாகக் கிடைக்கும் என்பது ஒரு குறையே அல்ல.

சுத்தி விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தால் வெடிக்கிறது

இரண்டாம் அடியில் வெடிப்பதே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது: ப்ரைமர் குழியின் அடிவரை போய் உட்காரவில்லை. முதல் அடியின் விசை அதை அடிக்குத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது அடிதான் அதை வெடிக்க வைக்கிறது. ப்ரைமரின் முகம் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இதை அளக்கக் கருவி தேடத் தேவையில்லை; ஆள்காட்டி விரலின் நுனியை அடியில் தடவினால் லேசான பள்ளம் தட்டுப்பட வேண்டும், மேடு தட்டுப்படக் கூடாது. ப்ரைமர் மட்டும் வைத்த கூட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தினால், ப்ரைமர் உயர்ந்திருப்பது ஆடும்.

உயர்ந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கை அழுத்தம் போதாமை, அல்லது குழியில் படிந்த கரி. இரண்டாம் அடியிலும் வெடிக்காவிட்டால் ப்ரைமரில் எண்ணெயோ டையின் மசகோ பட்டிருக்கலாம். துப்பாக்கியின் சுத்தி வில்லை யாரேனும் இலகுவாக்கியிருந்தால் அதையும் சந்தேகிக்கலாம். கடையில் வாங்கிய தோட்டா பத்தைச் சுட்டுப் பாருங்கள். அவை வெடித்தால் குறை மேசையில், வெடிக்காவிட்டால் துப்பாக்கியில். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்காமல் குழலை இலக்கின் பக்கமே பிடித்து முப்பது விநாடி காத்திருப்பது, தாமதமாக வெடிக்கக்கூடியதற்கான எச்சரிக்கை.

உயர்ந்த ப்ரைமரை, பவுடரும் குண்டும் வைத்து முடித்த தோட்டாவில் பிரஸ்ஸால் அழுத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். அதைப் பிரித்துவிடுவதே முறை.

தோட்டா அறைக்குள் முழுதாகப் போகவில்லை, சறுக்கி முழுதாக மூடவில்லை

9 மி.மீ.இல் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குமேல் இதுதான் என்று தோன்றுகிறது. இதற்கு நான்கு காரணங்கள் இருக்க, எல்லோரும் முதலில் ஒன்றையே, அதாவது நீளத்தையே, குற்றம் சொல்லிக் குண்டை மேலும் மேலும் உள்ளே அழுத்துகிறார்கள். அப்படிச் செய்வது தவறான மருந்து மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. உள்ளே இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

சரியான சோதனை ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவில் இருக்கிறது. துப்பாக்கியைக் காலிசெய்து குழலைத் தனியே கழற்றி, அறை மேலே பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டாவை அறைக்குள் விடுங்கள். நல்ல தோட்டா ‘டக்’கென்று ஓசையுடன் அடியில் போய் நிற்கும், விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழலும், குழலைக் கவிழ்த்தால் தன் எடையிலேயே வெளியே விழும். போகாத தோட்டாவைக் குண்டின் முனையிலிருந்து கூட்டின் அடிவரை மார்க்கரால் கறுப்பாக்கி, உலர்ந்தபின் மறுபடி விட்டு அரைச்சுற்று சுழற்றி வெளியே எடுங்கள். மை எங்கே உரசிப் போயிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது.

மை குண்டின் வளைவில் அழிந்திருந்தால், குண்டு குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களைத் தொடுகிறது. அப்போதுதான் நீளம் குற்றவாளி. 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்ச வரம்பு 1.169 அங்குலம் என்பது உண்மை. ஆனால் அது வரம்பே அன்றி இலக்கு அல்ல. ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள், ஒன்று கூர்முனை, மற்றொன்று மொட்டைமுனை என்றால், ஒரே குழலில் அவற்றுக்கு வெவ்வேறு நீளம் வேண்டியிருக்கும். உங்கள் குண்டுக்குக் கையேடு சொல்லும் நீளத்தைப் பிடியுங்கள். அதைவிடக் குறைத்தாக வேண்டும் என்றால் பவுடரைத் தொடக்க அளவுக்கு இறக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மை கூட்டின் வாய் ஓரத்தில் அழிந்திருந்தால், குண்டை ஏந்திக்கொள்வதற்காக வாயைச் சிறிது விரித்தீர்களே, அந்த விரிப்பு முழுதாக மடியவில்லை. புதியவருக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். குண்டு வைத்தபின் காலிப்பர் என்ற அளவுகருவியால் வாயின் விட்டத்தை அளந்தால் 0.380 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நான் 0.378ஐச் சுற்றி நிறுத்துகிறேன். இதற்கு மேல் இறுக்குவதும் தவறு, ஏனெனில் 9 மி.மீ. தோட்டா அறைக்குள் தன் கூட்டின் வாயைக்கொண்டே நிற்கிறது. வாய் உள்நோக்கி மடங்கிவிட்டால் நிற்பதற்கு விளிம்பே இல்லாமல் போகும். .38 ஸ்பெஷல் அப்படியல்ல. அதன் அடியில் இருக்கும் விளிம்பு அதை நிறுத்திக்கொள்கிறது, ஆகவே அதன் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடக்கலாம். ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோவதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன.

மை கூட்டின் அடிப்பகுதியில் அழிந்திருந்தால், முதல் படியில் அளவுக்குக் கொண்டுவரும் டை போதிய அளவு கீழே இறங்கவில்லை. நெம்புகோலை முழுதாக இழுத்த நிலையில் டையின் வாயும் கூடு தாங்கியும் (பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் துண்டும்) ஒன்றையொன்று தொட வேண்டும்; இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடைவெளி அளவுக்குப் பித்தளை புடைப்பாகவே இருந்துவிடும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் குண்டு சாய்ந்து அமர்ந்திருக்கிறது. வாயை இன்னும் ஒரு மயிரிழை விரித்துப் பாருங்கள்.

குண்டை வைக்கும்போது கூடு நசுங்குகிறது, அல்லது ஈயம் வளையமாகச் சீவப்படுகிறது

வாய் விரிப்பு போதவில்லை. குண்டின் அடி, கையால் வைத்தபோதே நேராக நிற்குமளவு விரித்தால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குச் சற்றே தெரியும் அளவு. அதற்குமேல் விரித்தால் பித்தளை சீக்கிரம் களைத்துப் பிளக்கும். நடுவயிறு புடைத்து நசுங்கினால், குண்டை வைப்பதையும் வாயை மடக்குவதையும் ஒரே டையில் ஒரே இழுப்பில் செய்கிறீர்களா என்று பாருங்கள்: குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனிப் படியாக்கினால் பிரச்சினை அன்றே தீரும். கூடுதல் டை ஒன்றின் விலை, பாழாகும் நூறு குண்டின் விலையைவிடப் பெரிதல்ல.

கட்டைவிரலால் அழுத்தினால் குண்டு உள்ளே இறங்குகிறது

மேசை விளிம்பில் தோட்டாவின் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, முன்னும் பின்னும் நீளத்தை அளந்து பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்க வேண்டும். நீளம் மாறினால் அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது. மேகசினிலிருந்து ஏறும்போது முனை அறைக்கு ஏற்றிவிடும் சரிவில் மோதிக் குண்டு உள்ளே போகும், 9 மி.மீ. போன்ற சிறு கூட்டில் அது அழுத்தத்தைக் கடுமையாக ஏற்றும். இங்கேயும் பொதுவான தவறு, வாயை இன்னும் இறுக்கி மடக்கிச் சரிசெய்ய நினைப்பது. குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது வாயின் மடிப்பு அல்ல, கூட்டுச் சுவரின் இறுக்கம். அதிகம் மடக்கினால் குண்டு சிறுக்கும், பித்தளையோ தன் மீள்தன்மையால் சற்றே திரும்பிவிடும், பிடி முன்பைவிடத் தளரும். தேட வேண்டிய இடங்கள்: அளவு டை சரியாக வேலைசெய்கிறதா, வாயை விரிக்கும் தண்டு தடித்திருக்கிறதா, குண்டு செம்பு உறையிட்ட வகையானால் 0.355 அங்குலம் இருக்கிறதா என்பவை.

ப்ரைமர் குழிக்குள் போக மறுக்கிறது. பழையதை நீக்கும் ஊசி முறிகிறது

பொறுக்கிய கூடுகளின் அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ இராணுவத் தோட்டா. ப்ரைமர் வெளியேறாதபடி குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலைச் சீவியோ அழுத்தியோ எடுக்காமல் புதியதைத் திணிக்காதீர்கள். .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் கூடுகளில் பெரிய ப்ரைமர் குழியும் சிறிய குழியும் கலந்து கிடக்கும், அவற்றை முதலிலேயே பிரியுங்கள்.

ஊசி முறிவதென்றால் கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, ரீலோடிங்குக்கு ஏற்றது. ஓரமாக இரண்டு துளைகள் இருந்தால் பெர்டான் வகை, அதை ஒதுக்குங்கள். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையையும், ஐரோப்பாவின் பெரும்பகுதி அமெரிக்கரின் முறையையும் எடுத்துக்கொண்டன என்பது இத்துறையின் பழைய வேடிக்கை.

கூட்டின் வெளிப்புறம் கரியாகிறது, சறுக்கி சோம்பலாகப் பின்னே வருகிறது

அழுத்தம் குறைவு. பித்தளை விரிந்து அறைச்சுவரில் ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். விசை போதாதபோது புகை பின்னே கசியும். தொடக்க அளவில் சுடும்போது இது கொஞ்சம் இருப்பது இயல்பே. கையேட்டின் எல்லைக்குள், 0.1 கிரெய்ன் படியாக ஏறிப் பாருங்கள். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒன்றைத் தேடுகிறோம் என்றால் தராசின் நேர்மை எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், தராசைச் சமதளத்தில் வையுங்கள், தொடங்குமுன் சோதனை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். ஒரு தோட்டா வலுவாகவும் அடுத்தது மெலிவாகவும் இருந்தால் பவுடரை அளந்து ஊற்றும் அளவியில் தேடுங்கள்: செதில் வடிவப் பவுடர் வாயில் பாலம்போல் கட்டிக்கொண்டு ஒருமுறை குறைவாகவும் மறுமுறை மிகுதியாகவும் விழக்கூடும்.

ரிவால்வரில் தோட்டாக்களை ஏந்தும் உருளை சுற்றாமல் சிக்குகிறது

எடை குறைந்த ரிவால்வரில் உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் முன்னோக்கி நழுவி உருளைக்கு வெளியே தலைநீட்டும். ஐந்து சுற்றுள்ள ரிவால்வரில் நான்கைச் சுட்டுவிட்டு ஐந்தாவதன் நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும். இங்கேதான் வாயை நன்றாக உருட்டி மடக்குவது மருந்து. குண்டின் பள்ளம் கூட்டின் வாய்க்கு நேரே வருகிறதா என்பதையும் பாருங்கள்.

இலக்குத் தாளில் துளை நீள்வட்டமாக விழுகிறது, குழலில் ஈயம் படிகிறது

குண்டு சுழன்று நிலைபெறாமல் பக்கவாட்டில் போகிறது. வார்ப்பு ஈயக் குண்டுகளில் இது வந்தால் குண்டு குழலைவிடச் சிறிது என்று பொருள். 9 மி.மீ. ஈயக் குண்டு வழக்கமாக 0.356 அங்குலம், .38க்கு 0.358. பெட்டியில் இருந்தபோது சரியாக இருந்த குண்டு கூட்டுக்குள் போனபின் இறுக்கத்தால் சிறுத்திருக்கலாம். ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை அளந்தால்தான் உண்மை தெரியும்.

ப்ரைமர் தட்டையாகிவிட்டது, கூடுகள் வெகுதூரம் பறக்கின்றன

நிறுத்துங்கள். கைத்துப்பாக்கியில் அழுத்தக் குறிகளை நம்பி மேலே ஏறுவது அறிவுடைமை அல்ல. .38 ஸ்பெஷலின் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000. ப்ரைமர் தட்டையாவதுபோன்ற குறி தெரிகிறபோது .38 தன் வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். அந்தப் பெட்டி முழுவதையும் பிரியுங்கள். மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு பவுடர் குப்பிகள் திறந்திருந்தனவா, அளவியில் முந்தைய வேலையின் மிச்சம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெயர் தெரியாத பவுடர் அளவியில் இருந்தால் அதைத் திரும்பக் குப்பியில் ஊற்றாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பிரிப்பது எப்படி

சுத்தி வடிவில் ஒரு கருவி உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி, கண்ணாடி அணிந்துகொண்டு, கெட்டியான மரக்கட்டையின் மேல் இரண்டு மூன்று முறை தட்டினால் குண்டும் பவுடரும் உள்ளே விழும், கூடு மாட்டியபடியே நிற்கும். கூடு தாங்கியை இந்தக் கருவியில் போட்டுத் தட்டாதீர்கள். அதற்கென்று வரும் பிடிவளையத்தையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் விழும் பவுடரைத் தனித்தனியே தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தைப் பிரித்ததுமே, குற்றம் அளவியில் இருந்ததா தராசில் இருந்ததா என்பது அந்தப் பத்து எண்களில் தெரிந்துவிடும். முடிந்ததும், சாப்பிடப் போகுமுன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய ப்ரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது.